பிலம் புகுதல்: நீர் நிறைந்த குகையிற் சுழியோடத் திட்டமிடுவது குறித்துச் சில சிந்தனைகள்

1

மனிதன் நீருக்குள் இறங்கிய வரலாறு அவனது உழைப்பின் வரலாற்றோடு பிரிக்கவொண்ணாதபடி பிணைந்துள்ளது. முத்துக்காகவும் சங்குக்காகவும் மூச்சடக்கிக் கடலடி சென்றோர் பற்றிய செய்திகள் நமது பழைய நூல்களிலும், பிறநாட்டுப் பயணிகளின் குறிப்புகளிலும் நிரம்ப உள. ஆயின், வயிற்றுப்பாடு உந்தாதிருக்க, காணவேண்டும் என்ற விருப்பம் ஒன்றினாலேயே நீரடியில் இறங்கும் வழக்கம் மிகப் பிற்பட்டது. பிரான்சைச் சேர்ந்த ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும், மூச்சிழுக்கும்போது மட்டும் காற்றை விடுவிக்கும் கருவியை 1943இல் உருவாக்கினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே அக்கருவி ஓய்வும் வசதியும் உடையோரின் கைகளுக்கு வந்தது. இலங்கையில் இத்துறைக்கு வேரூன்றியவர்களுள் ஆதர் சி. கிளார்க், மைக் வில்சன், றொட்னி ஜொங்க்ளாஸ் ஆகியோர் முக்கியமானவர்கள். கிளார்க்கும் வில்சனும் 1956இல் இங்கு வந்தனர். திருகோணமலைச் சுவாமிமலையின் அடிவாரக் கடலிற் கிடந்த பழைய கோயிற் சிதைவுகளை இக்குழுவினர் பார்த்தெழுதியமையைத் தமிழ் வாசகர் அறிவர்.

நாம் வத்தளையில் வாழ்பவர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள நண்பர் சிலரோடு கொழும்புக் கடலில் மூழ்கிய கப்பல்களைக் காணச் சில ஆண்டுகளாக இறங்கி வருகின்றோம். யாழ்ப்பாணத்து நிலாவரையின் ஆழத்தைக் கண்ணாற் காணவேண்டும் என்ற எண்ணம் எமது குழுவில் எழுந்தபோது, பயணத் திட்டமொன்றை வரைய முற்பட்டோம. வரைய வரைய, அது பயணத் திட்டமாக மட்டும் நில்லாது பல வினாக்களை எழுப்பியது. நீர் நிறைந்த குகை என்பது யாது? அதனுள் இறங்குவது கடலில் இறங்குவதினின்றும் எவ்வாறு வேறுபடும்? அந்நீர் யாருடையது? இவ்வினாக்களை ஒழுங்குபடுத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீர் மென்மையான அமிலத்தன்மை பெறுகிறது. அந்நீர் பாறையின் வெடிப்புகளிற் புகுந்து அவற்றை மெல்ல மெல்ல அரித்து அகலமாக்கும். வெடிப்பு குழாயாகின்றது, குழாய் குகையாகின்றது, குகையின் கூரை தன் பாரந் தாங்காது இடிந்து விழும்போது நிலத்திலே பெருங்குழி தோன்றுகின்றது. நிலாவரை இத்தகைய குழிகளுள் ஒன்று. மக்கள் அதனைக் கிணறு என்று வழங்கினும் அது மனிதர் தோண்டிய கிணறன்று. கூரை இழந்த குகையின் வாயே அது.

இக்குகைகள் ஏன் நீரால் நிறைந்துள்ளன என்பதற்கு நிலவியல் விடை தருகின்றது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றிருப்பதிலும் 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. அக்காலத்திற் பாக்குநீரிணை தரையாக இருந்தது; நிலத்தடி நீரின் மட்டமும் அதற்கேற்பத் தாழ்ந்திருந்தது. பின்னர் கடல் உயர, நிலத்தடி நீரும் உயர்ந்து குகைகளை நிரப்பியது. மெக்சிக்கோவின் யுகற்றான் குடாநாட்டில் நீர் நிறைந்த குகைகளுட் கூரையினின்று தொங்கும் சுண்ணக்கல் விழுதுகளைச் சுழியோடிகள் இன்றும் காண்கின்றனர். நீர் சொட்டிச் சொட்டி வளரும் அவ்விழுதுகள் காற்றுள்ள இடத்தில் மட்டுமே உருவாகக்கூடியன. அக்குகைகள் ஒரு காலத்தில் உலர்ந்திருந்தன என்பதற்கு அவையே சான்று. அங்குள்ள ஓயோ நெக்ரோ என்ற குழியில் 2007இல் சுழியோடிகள் கண்டெடுத்த இளம்பெண்ணின் எலும்புக்கூடு பன்னீராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது எனக் கணிக்கப்பட்டுள்ளது.

குடாநாட்டு நிலத்தடி நீருக்கு மற்றுமொரு பண்பு உண்டு. மூன்று புறமும் கடல் சூழ்ந்த சுண்ணக்கற்பாறையுள் மழைநீர் உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. கடல்நீர் நன்னீரினும் நாற்பதில் ஒரு பங்கு அளவே கனமானது. எனவே கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நிற்குமாயின், அதன்கீழ் ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. மேலேயுள்ள ஓரடியை நாம் இறைத்து வீணாக்கினால் கீழேயிருந்து நாற்பதடி உவர்நீர் ஏறிவரக்கூடும். நிலாவரையின் மேற்பகுதி நன்னீராகவும் ஆழப்பகுதி உவர்நீராகவும் இருப்பதன் காரணம் இதுவே. ‘வற்றாக் கிணறு’ என்ற புகழுரையின் உட்பொருளும் இதுதான். நீர்மட்டம் வற்றாது, உண்மை. ஆயின் நீரின் சுவை மாறலாம்.

நிலாவரையின் தோற்றம் பற்றி வழங்கும் கதை யாவரும் அறிந்தது. வானரசேனையின் தாகந் தீர்க்க இராமன் அம்பூன்றிய இடம் என்பர். அங்கே இட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதந்தது என்ற பேச்சும் உண்டு. இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்குதல் எளிது. ஆனால் கதைக்குள் உறையும் உலகியல் அனுபவத்தை இனங்காண்பதே ஆய்வாளன் கடமை. ஆறென்று சொல்லத்தக்கது மழைக்காலத்து வழுக்கியாறு ஒன்றேயான நிலத்தில், ஆழத்திலிருந்து நன்னீர் கிடைப்பதன் அருமையை முதற் கதை பேசுகின்றது. பாறைக்குள் நீர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் செல்கின்றது என்ற ஊகத்தை இரண்டாவது கதை பேசுகின்றது. இன்றைய நீரியலாளர் நிறப்பொருளைக் கரைத்து விட்டுச் செய்யும் சோதனையை அவ்வெலுமிச்சம்பழம் நினைவூட்டுகின்றது. கதை சான்றாகாது, ஆயின் சான்று தேடவேண்டிய திசையை அது காட்டுகின்றது.

3

தமிழிற் குகையைக் குறிக்கச் சொற்கள் பல. அளை, முழை, விடர் என்பன மலைசார்ந்த வாழ்வோடு ஒட்டியவை. நிலத்தின் கீழே ஆழ்ந்து செல்லும் வழியைக் குறிக்கப் பிலம் என்ற சொல் பயின்றது. கம்பராமாயணத்துக் கிட்கிந்தா காண்டத்தில் ‘பிலம் புக்கு நீங்கு படலம்’ என்றே ஒரு படலம் உண்டு. சீதையைத் தேடிச் சென்ற வானரர் தாகத்தால் வாடி ஓரிருட் குகையுட் புகுந்து வழியறியாது தவித்ததே அதன் பொருள்.

இந்நிகழ்ச்சியை வான்மீகி கூறும் முறையில் நான்கு செய்திகள் எமது கவனத்தை ஈர்த்தன. முதலாவது: குகையினின்று பறவைகள் நனைந்த சிறகுகளோடு வெளிவருவதைக் கண்டு உள்ளே நீருண்டு என வானரர் ஊகிக்கின்றனர். இது நோக்கலினின்று பெற்ற அறிவு. இரண்டாவது: இருளில் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு நடக்கின்றனர். மூன்றாவது: சுக்கிரீவன் விதித்த ஒரு மாதத் தவணை உள்ளேயே கழிந்துவிடுகின்றது; வெளியே வந்த பின்னர் அதனை எண்ணிக் கலங்குகின்றனர். நான்காவது: புகுந்தவர் தம் முயற்சியால் வெளியேற இயலவில்லை, சுயம்பிரபை என்னும் தவமகள் அவர்களைக் கண்மூடச் செய்து வெளியே கொணர்கின்றாள்.

பழங்காவியத்தில் இக்காலச் சுழியோட்ட விதிகளைத் தேடுவது எமது நோக்கமன்று. அத்தகைய முயற்சிகள் எவ்வளவு நகைப்புக்கிடமானவை என்பதை நாம் அறிவோம். எனினும், இருண்ட குகையின் இடர்கள் இன்றும் இவையே என்பது மனங்கொள்ளத்தக்கது. வழி மறைதல், துணையைப் பிரிதல், காலவுணர்வு மயங்குதல், தானாக வெளிவர இயலாமை ஆகிய நான்குமே நீர்க்குகையில் உயிர் கொள்வன. காவியம் அவற்றுக்குத் தெய்வத்தன்மை வாய்ந்த பெண்ணொருத்தியை விடையாகத் தந்தது. நமக்கு வேறு விடை வேண்டும்.

பேராசிரியர் க. கைலாசபதிக்குப் பர்மிங்ஹாமில் ஆசானாக விளங்கிய ஜோர்ஜ் தொம்சன், மந்திரத்தை மெய்யான தொழில்நுட்பத்தின் குறையை நிரப்பும் மாயத் தொழில்நுட்பம் என விளக்கினார். மன்னார் முத்துக்குளிப்பின் வரலாறு இதற்குத் தக்க உதாரணம். அங்கே சுறாக்களின் வாயைக் கட்டுவதாகச் சொல்லப்பட்ட ‘கடல்கட்டி’ கரையில் நின்று மந்திரம் ஓதுவான். அவனின்றிக் குளிப்போர் கடலில் இறங்க மறுத்தமையால் குடியேற்ற அரசும் அவனை ஏற்றுக்கொண்டது. குளிப்பவனிடம் இருந்த மெய்யான தொழில்நுட்பம் மிகச் சிறிது: காலிற் பிணைக்கும் கல், ஒரு கயிறு, ஒரு நிமிட அளவு மூச்சு, மேலே கயிறு பிடிக்கும் ஒருவன். அக்கயிற்றை மைத்துனனே பிடிக்கவேண்டும் என்பது முத்துக்குளிப்போரிடையே வழங்கிய பேச்சு. தங்கையின் தாலிக்குப் பொறுப்புடையவனே தன் உயிருக்கும் பொறுப்பாவான் என்ற நம்பிக்கை அது. உற்பத்தி முறையும் உறவுமுறையும் ஒரே கயிற்றிற் பிணைந்திருந்தன. குளித்தெடுத்த சிப்பிகளில் மூன்றிலிரண்டு பங்கை அரசு எடுத்துக்கொண்டு ஒரு பங்கையே குளித்தோருக்கு விட்டது. 1906இல் அப்பார்கள் இலண்டன் கம்பனியொன்றுக்கு இருபதாண்டுக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டன. 1907இன் பின்னர் விளைவு பொய்த்துப்போனது. திட்டமிட்டவர் இலண்டனில் இருந்தனர். மூச்சடக்கியவர் மன்னாரில் இருந்தனர்.

தேனீயின் கூட்டையும் கட்டடக் கலைஞனின் வீட்டையும் ஒப்பிட்ட மார்க்ஸ், மனிதன் தான் கட்டுவதைக் கட்டுமுன்னர் மனத்திற் கட்டிமுடிக்கின்றான் என்பதையே மனித உழைப்பின் சிறப்பியல்பாகக் கண்டார். திட்டமிடுதல் உழைப்பின் ஒரு பகுதி. அது உழைப்பவனிடமிருந்து பறிக்கப்பட்டமை வர்க்க சமுதாயத்தின் வரலாறு. நீர்க்குகையிற் சுழியோடுபவன் தன் திட்டத்தைத் தானே வகுக்கவேண்டியவன். அவன் பிறரிடம் திட்டத்தை ஒப்படைத்து இறங்குவானாயின் அதன் விலையைத் தன் உயிராற் கொடுக்க நேரும்.

4

இனித் திட்டத்தின் உறுப்புகளை நோக்குவோம்.

திறந்த கடலில் இடர் நேர்ந்தால் மேலெழுதல் எப்போதும் கைவசமுள்ள வழி. குகையில் மேலே இருப்பது பாறை. இவ்வொரு வேறுபாட்டிலிருந்தே ஏனைய யாவும் பிறக்கின்றன. உல்லாசச் சுழியோடிகளுக்கு உரியதாகக் கொள்ளப்படுவது குகை முழுவதுமன்று. பகலொளி எட்டும் குகைமுகம் மட்டுமே. நீர்மேற்பரப்பிலிருந்து இறங்கும் தூரமும் உள்ளே செல்லும் தூரமும் சேர்ந்து 60 மீற்றருக்குள், அதாவது ஏறத்தாழ 200 அடிக்குள், அமையவேண்டும். வாயிலின் ஒளி கண்ணினின்று மறையலாகாது. இருவர் அருகருகே நீந்தமுடியாத ஒடுக்கங்களுட் புகலாகாது. இரவில் இறங்கினாற் குகைமுகம் என ஒன்றில்லை, யாவும் குகையே.

இவ்விதிகள் எவரும் இருந்தெழுதிய அறிவுரைகளல்ல. புளோரிடாவின் ஊற்றுக் குகைகளில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அவர்களுட் பிறருக்குச் சுழியோட்டம் கற்பித்த ஆசிரியர்களும் இருந்தனர். கணித ஆசிரியரான செக் எக்ஸ்லி என்பவர் அம்மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1979இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். வெளியே வரை தொடரும் வழிகாட்டிக் கயிறு இல்லாமை, திரும்புவதற்குக் காற்றை ஒதுக்காமை, அளவுக்கு மிஞ்சிய ஆழம் ஆகிய மூன்றுமே பெரும்பாலான மரணங்களின் நேரடிக் காரணங்கள் என அவர் காட்டினார். குகைக்கெனத் தனிப்பயிற்சி பெறாமையும், விளக்குகள் போதாமையும் பின்னர் இவற்றோடு சேர்க்கப்பட்டன. தனிமனிதரின் ஊழ் எனக் கருதப்பட்டதை ஒப்பிட்டு நோக்கிப் பொதுவிதிகளைப் பெற்றமையே அவரது சாதனை. இறந்தோரின் அனுபவம் இருப்போரின் அறிவாயிற்று. அத்தகைய எக்ஸ்லியும் 1994இல் மெக்சிக்கோவின் சகாற்றோன் குழியில் ஆழச்சாதனை ஒன்றுக்கு முயன்று மாண்டார் என்பதையும் சொல்லவேண்டும். அறிவு ஒருமுறை பெற்று வைத்துக்கொள்ளும் சொத்தன்று.

காற்றின் கணக்கு எளிய எண்கணிதம். 12 லீற்றர் கலனில் 210 பார் அமுக்கத்திற் காற்று அடைக்கப்பட்டிருப்பின், மேற்பரப்பு அமுக்கத்தில் அது 2520 லீற்றர். அதனை மூன்றாகப் பகுக்கவேண்டும். ஒரு பங்கு உள்ளே செல்ல. ஒரு பங்கு வெளியே வர. மூன்றாவது பங்கு துணைவனுக்கு. உள்ளே சென்ற மிகத் தொலைவான இடத்தில் ஒருவரது காற்று முற்றாகப் போய்விட்டால், மற்றவரிடம் எஞ்சிய இரண்டு பங்கும் இருவரையும் வெளியே கொணரும். 20 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேற்பரப்பிலும் மும்மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிப்பவர் அங்கே 60 லீற்றர் சுவாசிப்பார். ஒரு பங்காகிய 840 லீற்றர் அவருக்கு 14 நிமிடங்கள் போதும். 30 மீற்றரில் அதுவே பத்தரை நிமிடம். அஞ்சியவரின் மூச்சு இருமடங்காகும். அப்போது 20 மீற்றரிலும் ஒரு பங்கு ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே மூன்றிலொரு பங்கு என்பது அனுமதிக்கப்படும் உச்ச அளவேயன்றி எய்தவேண்டிய இலக்கன்று.

இக்கணக்கிற் கவனிக்கத்தக்க சமூகப் பண்பு ஒன்றுண்டு. குழுவில் யார் தம் பங்கை முதலில் முடிக்கின்றாரோ, அவரே திரும்பும் கணத்தைத் தீர்மானிப்பவர். மேலும், குழுவில் எவரும் எந்நேரத்திலும், காரணம் கூறாமலே, போதும் என்று சைகை காட்டலாம். மற்றவர் மறுவினாவின்றித் திரும்பவேண்டும். வயதும் பட்டமும் பணமும் அனுபவமும் அங்கே செல்லா. மிக வலிமையற்றவரின் அளவே குழுவின் அளவு.

கயிற்றை முதலிற் கட்டுமிடம் நேரே மேலெழக்கூடிய திறந்த நீரிலும், இரண்டாவது கட்டு வாயிலின் உட்புறத்திலும் அமையவேண்டும். அக்கயிறு எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். குகைத்தளத்திற் படிந்துள்ள நுண்மண் ஒருமுறை துடுப்புப் பட்டாற் கிளம்பிப் பாலாய்ப் படரும்; அதன்பின் எத்தனை விளக்கும் பயன்படா. அவ்வேளையிற் கண்ணை நம்பாது, பெருவிரலும் சுட்டுவிரலும் கயிற்றை வளைத்திருக்க வெளியேறவேண்டும். ஆதலாற்றான் பயிற்சியின்போது தரையிற் கயிறு கட்டிக் கண்ணைத் துணியால் மூடி நடக்கச் செய்கின்றனர். நன்னீரும் உவர்நீரும் சந்திக்கும் படலத்திற் பார்வை எண்ணெய் கலந்த நீரிற்போல் மங்கும். உவர்நீருட் சென்றதும் உடல் மேலே உந்தப்படும். கூரையடியிற் சிக்கியுள்ள காற்றை நம்பி முகமூடியைக் கழற்றுவதும் கூடாது; அங்கே ஒட்சிசன் குறைந்திருக்கலாம். பாழ்ங்கிணற்றில் இறங்கி மூச்சடைத்து மாண்ட கூலித் தொழிலாளரின் செய்திகளைப் படித்த நமக்கு இது புதிதன்று.

இவை ஏட்டுக் கல்வி என்று எண்ணுவோர்க்கு எமது அனுபவம் ஒன்றைக் கூறுவோம். கொழும்புக் கடலில் மூழ்கிக் கிடக்கும் கப்பலொன்றின் சரக்கறையினுள், வழிகாட்டியாக வந்தவர் அழைக்க, நாம் கயிறின்றிப் புகுந்தோம். வாயில் பத்தடித் தூரத்தில் அகன்று தெரிந்தது. முன்னே சென்றவரின் துடுப்பு அடியைத் தொட்டது, துருவும் சேறும் எழுந்தன, வாயில் இல்லாமற்போயிற்று. சுவரைத் தடவித் தடவி வெளியேற எடுத்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்று கைக்கடிகாரம் காட்டியது. வெளியே வந்து அமுக்கமானியைப் பார்த்தபோது, அந்த ஒரு நிமிடத்திற்குரிய காற்றினும் பன்மடங்கு செலவாகியிருந்தது. படகில் ஒருவரும் அதுபற்றிப் பேசவில்லை. பேசாதிருந்தமையே பெருந்தவறு என்பதைப் பின்னர் உணர்ந்தோம்.

5

நிலாவரைக்கு மீள்வோம். எமது திட்டத்தை மேற்கூறிய அளவுகோல்களால் அளந்தபோது அது ஒவ்வொரு படியிலும் இடறியது.

கிணற்றின் ஆழம் 40 மீற்றரைத் தாண்டியது. உல்லாசச் சுழியோடிகளின் இறுதி எல்லையும் அதுவே. குகைமுகப் பயிற்சி பெற்றோர்க்குப் பெரும்பாலும் 30 மீற்றரே எல்லை. அதற்குக் கீழே நைதரசன் மயக்கம் அறிவைத் தளர்த்தும். எமது குழுவில் எவரும் குகைமுகப் பயிற்சி பெற்றிருக்கவில்லை. கடலில் நூறுமுறை இறங்கியமை அதற்கு ஈடாகாது. அமுக்கநோய் கண்டாற் கொண்டுசெல்லத்தக்க அமுக்க அறை எங்குள்ளது, அது இயங்குநிலையில் உள்ளதா, வீதிவழியே எத்தனை மணிநேரம் என்ற வினாக்களுக்கு விடை எழுதப்படாமலே பயண நாள் குறிக்கப்பட்டிருந்தது. வடகடலிற் காற்றுக்கலன்களோடு கடலட்டையும் சங்கும் எடுக்க ஒருநாளிற் பலமுறை இறங்கும் தொழிலாளர் சிலர் அந்நோயால் முடமாகியுள்ளனர். அவர்களுக்கு அது தொழில் தந்த ஊனம். நமக்கோ அது விநோதத்தின் விலையாக முடியும். பலாலியினின்று விமானத்திற் புறப்பட எண்ணுவோர் இறங்கிய பின் 18 மணிநேரமாவது காத்திருக்கவேண்டும் என்பதும் எமது முதல் அட்டவணையிற் கவனிக்கப்படவில்லை. வடகீழ்ப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் கலங்கல் மிகும் என்பதும் அவ்வாறே.

இவை தொழில்நுட்பக் குறைகள், திருத்தக்கூடியன. திருத்துவதற்கு அரிதான வினா வேறொன்று. நிலாவரை மக்கள் நீர். குடாநாட்டிற் கிணறு என்பது வெறும் நீர்நிலையாக என்றும் இருந்ததில்லை. யார் அள்ளலாம், யார் காத்து நின்று பிறர் ஊற்றுவதை ஏந்தவேண்டும் என்பதைச் சாதி வகுத்த இடம் அது. 1966 ஒக்ரோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திற் புறப்பட்ட ஊர்வலத்தோடு வீறுபெற்ற தீண்டாமை ஒழிப்புப் போராட்டத்தின் பின்னணியில் தேநீர்க்கடையும் கோயிலும் மட்டுமன்றிக் கிணறும் இருந்தது. கே. டானியல் தம் நாவலொன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயரிட்டமை தற்செயலன்று. 2021 சனவரியில் நிலாவரை வளாகத்திலே தொல்லியல் திணைக்களத்தினர் அகழத் தொடங்கியபோது ஊரவர் எதிர்த்து நின்றமையும் அண்மைக்கால வரலாறு. இத்தகைய இடத்திற் கொழும்பிலிருந்து சென்ற சிலர், உடலிற் பூசிய எண்ணெயோடும் கருவிகளோடும், ஊரவரைக் கேளாது இறங்குவதற்கு என்ன உரிமை உண்டு?

அன்றியும், சுண்ணக்கல்லின் இயல்பு இவ்வினாவை மேலும் கூர்மையாக்குகின்றது. மணலூடாக ஊறும் நீர் வடிகட்டப்படும். பாறைக் குழாய்களூடாக ஓடும் நீருக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஓரிடத்திற் கலந்த மாசு வேறோரிடத்துக் கிணற்றிற் கலக்கக்கூடும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றி 2014, 2015ஆம் ஆண்டுகளில் எழுந்த கொந்தளிப்பும், உர நைத்திரேற்று பற்றிய ஆய்வாளரின் எச்சரிக்கைகளும் இதனோடு சேர்த்து நோக்கப்படவேண்டியன. நீர் எவ்வழியே ஓடுகின்றது என்பதை அறிவது இலாபநோக்கற்ற ஒரு பொதுத் தேவை. அதனை அறியும் வழிகளுட் சுழியோடுதலும் ஒன்று. யுகற்றானில் சாக் அக்டுன், தோஸ் ஓஹோஸ் என்னும் இரு குகைத் தொகுதிகள் இணைந்தவை என 2018இல் காட்டப்பட்டது. 347 கிலோமீற்றர் நீளமான அவ்வலைப்பின்னலைப் பல்லாண்டுகளாகக் கயிறிட்டு அளந்தவர்கள் சுழியோடிகளே. அந்நிலத்து மக்கள் குடிக்கும் நீரின் வழிகள் அவை.

6

அவ்வாண்டிலேயே தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் நிகழ்ந்தது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 2018 யூன் 23ஆம் நாள் வெள்ளத்தால் அடைபட்ட பன்னிரு சிறுவரையும் அவர்தம் பயிற்சியாளரையும் யூலை 2இல் முதலிற் கண்டவர்கள் ரிச்சட் ஸ்ரான்ரன், ஜோன் வொலன்தென் என்னும் இரு ஆங்கிலேயர். குகையிற் சுழியோடுதல் அவர்களுக்குத் தொழிலன்று. ஸ்ரான்ரன் தீயணைப்புத் தொழிலாளியாக இருந்தவர். விநோதத்துக்காகப் பல்லாண்டு பயின்ற அறிவு, உலகப் படைகள் பலவற்றிடமும் இல்லாத அறிவாக அன்று விளங்கிற்று. முன்னாட் கடற்படைச் சுழியோடி சமன் குணான் காற்றுக்கலன்களை உள்ளே வைத்துத் திரும்பும் வழியில் யூலை 6இல் உயிர்நீத்தார். குகையினின்று இறைத்த நீர் வயல்களை மூழ்கடித்தபோது, அப்பகுதி நெல் விவசாயிகள் அந்நட்டத்தை முறையிடாது ஏற்றனர். யூலை 10இல் பதின்மூவரும் மீட்கப்பட்டனர். வீரர் சிலரின் கதையாகச் செய்தித்தாள்கள் எழுதிய இந்நிகழ்ச்சி, உண்மையிற் பல்லாயிரவர் கூட்டுழைப்பின் விளைவு. உல்லாசம், உழைப்பு, அறிவு என்பன எக்காலத்தும் எதிரெதிர் நிற்பனவல்ல என்பதையும், பொதுத் தேவையிற் கூடும்போது அவை ஒன்றையொன்று மாற்றுகின்றன என்பதையும் அது காட்டியது.

எமது குழு நிலாவரையில் இறங்குவதில்லை என்ற முடிவுக்கு வந்தது. இம்முடிவு எளிதில் எட்டப்படவில்லை. இளைஞர் இருவர் இதனைக் கோழைத்தனம் என்றனர். அவர்களுடைய ஆவலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவசியத்தை அறிந்துகொள்ளுதலே சுதந்திரம் என்று எங்கெல்ஸ் எடுத்துரைத்ததன் பொருளை அன்றிரவு வத்தளையில் நள்ளிரவு தாண்டியும் விவாதித்தோம். அவ்விவாதத்தின் விளைவாக வேறொரு திட்டம் உருவாகியுள்ளது. முதலாவது, கப்பலினுள் நிகழ்ந்ததை மறையாது எழுதிவைத்துக் குழுவிற் பயில்வது. இரண்டாவது, பகலொளி எட்டும் குகைமுகத்திற் பயிற்சி பெறக் குறைந்தது இருவரை அனுப்பக் குழு முழுவதும் பணஞ் சேர்ப்பது. மூன்றாவது, பிரதேச சபையினதும் ஊரவரினதும் இசைவை எழுத்திற் பெறுவது. அவர்கள் வேண்டாமென்றால் அத்துடன் நிறுத்துவது. நான்காவது, இசைவு கிடைப்பின், மனிதர் எவரும் இறங்காது, கரையிலிருந்தே அளவுகயிறும் புட்டியும் நீர்ப்புகாப் புகைப்படக் கருவியும் இறக்கி, எந்த ஆழத்தில் உவர்நீர் தொடங்குகின்றது என்பதை மாரியிலும் கோடையிலும் அளப்பது. அளவுகளைப் பல்கலைக்கழகத்துக்கும் ஊர் நூலகத்துக்கும் ஒப்படைப்பது. இவை யாவும் நிறைவேறிய பின், இறங்கவேண்டிய தேவை உண்டா என்பதை ஊரவரோடு கூடிச் சிந்திப்பது.

இதற்கு மூன்றாண்டுகளாவது செல்லும் என மதிப்பிட்டுள்ளோம். நிலாவரை பற்றிப் பழைய அளவீடுகளோ குடும்ப நினைவுகளோ உடைய வாசகர் அவற்றை எமக்குத் தெரிவிப்பாராயின் முதலாவது அளவுகயிற்றை இறக்கும் முன்னரே எமது பணி தொடங்கிவிடும்.